ஹெக்சேனுக்கு மாற்று: கரைப்பது எளிது, மீட்பதுதான் பாடு

சென்னையில் இப்போது தெருவுக்கொரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. பல கடைகளின் வாசலில் ஒரே வாசகத்தைத்தான் வெவ்வேறு வடிவத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: ரீஃபைன்ட் எண்ணெய் பெட்ரோலியத்தில் எடுப்பது, எங்களுடையது செக்கில் ஆட்டியது. வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகளும் இதையே இன்னும் உரக்கச் சொல்கின்றன.

இதை முழுப் பொய் என்று ஒதுக்க முடியாது. விதையிலிருந்து எண்ணெயைக் கரைத்தெடுக்க உலகம் முழுவதும் ஆலைகள் பயன்படுத்தும் திரவம், அதாவது கரைப்பான், ஹெக்சேன். அது கச்சா எண்ணெயிலிருந்துதான் வருகிறது. மணலியில் 1969 முதல் இயங்கும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலை பெட்ரோல், டீசல், பாரஃபின் மெழுகு ஆகியவற்றோடு ஹெக்சேனையும் தயாரிக்கிறது. உணவுத் தர ஹெக்சேனுக்கு ஐஎஸ் 3470 என்று தனி இந்தியத் தர நிர்ணயமே உண்டு.

ஆனால் கடை வாசல் வாசகம் எல்லா எண்ணெயையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. ரேஷனில் கிடைக்கும் பாமாயிலுக்கும் ஹெக்சேனுக்கும் வழக்கமாகச் சம்பந்தமில்லை. பனைப்பழக் குலையை நீராவியில் வேகவைத்துப் பிழிந்தாலே அதன் எண்ணெய் வந்துவிடும். சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து சுத்திகரிக்காத நிலையில் கப்பலில் வருகிறது. அங்கேயே பிழிந்து, மிச்சத்தைக் கரைத்தும் எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இங்கே நடப்பது சுத்திகரிப்பு மட்டும். ஹெக்சேன் இல்லாமல் நம்மூரில் நிஜமாகவே தள்ளாடக்கூடியது தவிட்டு எண்ணெய்தான். அதனால் மாற்றுக் கரைப்பான் பற்றிய பேச்சைத் தவிட்டில் தொடங்குவதே சரி.

தவிடு ஏன் செக்குக்கு அடங்காது

சென்னைக்குப் பக்கத்தில் செங்குன்றம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே நெல்லைத் தீட்டும்போது வரும் தவிட்டில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம். புழுங்கல் தவிடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். நிலக்கடலைப் பருப்பிலோ கிட்டத்தட்ட பாதி எண்ணெய்.

ஒரு சின்னக் கணக்கு. நல்ல எக்ஸ்பெல்லர் (திருகு முறையில் பிழியும் இயந்திரம்) பிண்ணாக்கில் 7 சதவீத எண்ணெயை விட்டுவைக்கும் என்று கொள்வோம். 48 சதவீத எண்ணெய் உள்ள 100 கிலோ கடலையில் அப்படித் தங்கிவிடுவது சுமார் 4 கிலோ, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. 18 சதவீத எண்ணெய் உள்ள 100 கிலோ தவிட்டில் தங்குவது சுமார் 6 கிலோ. மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. இதுவும் தாளில் மட்டும்தான் இவ்வளவு நன்றாக இருக்கும். தவிடு மாவுபோல இருப்பதால் அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்காமல் நழுவும். நிஜத்தில் இழப்பு இன்னும் அதிகம். மரச்செக்கில் கடலைப் பிண்ணாக்கிலேயே 10 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் தங்குவதுண்டு. செக்குக்காரர் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எண்ணெய்ச் சத்துள்ள பிண்ணாக்கை மாட்டுக்காரர் விரும்பியே வாங்குவார். தவிட்டிலும் சோயாவிலும் அந்தச் சௌகரியம் இல்லை. கரைப்பான் ஆலை மிச்ச எண்ணெயை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். அந்த வித்தியாசம்தான் அந்தத் தொழிலே.

தவிட்டுக்கு இன்னொரு சிக்கல். தீட்டிய மறுகணமே அதிலுள்ள லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலமாக்கத் தொடங்குகிறது. பச்சரிசித் தவிட்டைச் சில மணி நேரத்துக்குள் சூடாக்கிப் பக்குவப்படுத்தாவிட்டால், சுத்திகரிக்கும்போது பாதி எண்ணெய் சோப்பாகத்தான் போகும். நெல்லைப் புழுக்கும்போதே இந்த நொதி அழிந்துவிடுவதால் புழுங்கலரிசி தின்னும் தமிழ்நாட்டுத் தவிட்டுக்கு இதில் ஒரு இயற்கைச் சாதகம் உண்டு.

ஆலைக்குள் நடப்பது

சால்வென்ட் பிளாண்ட் என்று தொழிலில் சொல்லப்படும் ஆலையின் முதல் பாதி ஃபில்டர் காபி டிகாக்‌ஷன்தான். தட்டையாக்கிய விதை அல்லது குருணையாக்கிய தவிட்டுப் படுகையின்மேல் வெதுவெதுப்பான ஹெக்சேனைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். அது எண்ணெயைக் கரைத்துக்கொண்டு கீழே வடியும். வடிந்த கலவைக்கு மிஸெல்லா என்று பெயர். அதில் எண்ணெய் கால் பங்கு, மீதி ஹெக்சேன்.

இதுவரை கஷ்டமே இல்லை. எண்ணெயைக் கரைக்கும் திரவங்கள் டஜன் கணக்கில் உண்டு. கிண்டியிலோ வேறெங்கோ, வேதிப் பொறியியல் படிக்கும் எந்த மாணவரும் ஆய்வகத்தின் சாக்ஸ்லெட் கருவியில் ஆறேழு கரைப்பான்களைப் போட்டுப் பார்த்து, ‘இதில் 98 சதவீதம் வந்தது’ என்று அறிக்கை எழுதிவிடலாம். மாற்றுக் கரைப்பான் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இடத்தோடு நின்றுவிடுவதுதான் என் வருத்தம். ஆலை பிழைப்பது இரண்டாவது பாதியில். கரைப்பானை முழுக்கத் திரும்பப் பிடிக்க வேண்டும், மறுபடி சுற்றுக்கு விட வேண்டும். மிஸெல்லாவிலிருந்து பிரிப்பது கூடப் பரவாயில்லை. வடித்த பிறகும் பிண்ணாக்கு தன் எடையில் சுமார் 30 சதவீதத்தைக் கரைப்பானாகவே உறிஞ்சி வைத்திருக்கும். அதை நீராவி காட்டி விரட்டி, குளிரவைத்து, நீரிலிருந்து பிரித்தெடுப்பதில்தான் ஆலையின் வெப்பமும் பணமும் கரைகின்றன.

இந்த வேலையில் ஹெக்சேனுக்கு நிகர் கிடைப்பது கடினம். அது 63 முதல் 69 டிகிரி செல்சியஸுக்குள் கொதித்துவிடுகிறது. ஒரு கிலோவை ஆவியாக்கச் சுமார் 335 கிலோஜூல் போதும். தண்ணீருக்கு 2,257 வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அது தண்ணீரோடு சேராது. நீராவியோடு குளிர்ந்து இறங்கியதும் தொட்டியில் ஹெக்சேன் மேலே மிதக்கும், நீர் கீழே நிற்கும். வடித்தால் வேலை முடிந்தது. விதையிலுள்ள சர்க்கரை, நிறப்பொருள், புரதம் எதையும் அது பெரிதாகத் தொடுவதில்லை என்பதும் ஒரு வசதி.

ஹெக்சேனுக்கு முன்னும் பின்னும் முயன்று பார்த்த சில கரைப்பான்கள் மோசமானவை. 1850களில் பிரான்சில் கரைத்தெடுக்கும் முறை தொடங்கியபோது பயன்பட்டது கார்பன் டைசல்ஃபைடு; நாற்றமும் நஞ்சும், தீப்பிடிக்கும் குணமும் சேர்ந்தது. பிறகு பென்சீன். தீப்பிடிக்காது என்று நம்பி டிரைகுளோரோஎத்திலீனுக்கு மாறிய ஆலைகள் உண்டு. அதில் எடுத்த சோயாப் பிண்ணாக்கைத் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்தன. ஸ்காட்லாந்தில் 1916இலேயே இது பதிவானது. அப்படியும் 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மறுபடி நடந்தது. கரைப்பான் விதைப் புரதத்தோடு வினைபுரிந்து நஞ்சை உண்டாக்கியிருந்தது. எண்ணெயை மட்டும் சோதித்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. புதிய கரைப்பான் எதைப் பற்றிப் பேசினாலும் பிண்ணாக்கில் என்ன ஆகிறது என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான்.

அப்படியானால் என்ன குறை?

புட்டிக்குள் இருக்கும் எண்ணெயைப் பொறுத்தவரை, பயமுறுத்தும் அளவுக்கு ஒன்றுமில்லை. இந்திய விதிப்படி கரைத்தெடுத்த எண்ணெயை அப்படியே சமையலுக்கு விற்க முடியாது, சுத்திகரித்தே ஆக வேண்டும்; மிச்ச ஹெக்சேன் 5 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவில் எண்ணெய்க்கு வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். மணம் நீக்கும் கட்டத்தில் எண்ணெயை வெற்றிடத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவியை ஊடே செலுத்துகிறார்கள். 69 டிகிரியில் ஓடிவிடும் பொருள் அங்கே எவ்வளவு தங்கும்? இருந்தாலும் கதவு மூடப்பட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 1996ஆம் ஆண்டு மதிப்பீட்டின் மேல்தான் இத்தனை காலம் நின்றது. அது போதாது, ஹெக்சேனின் பாதுகாப்பை மறுபடி ஆராய வேண்டும் என்று 2024 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டது.

உண்மையான ஆபத்து ஆலைக்குள்ளும் ஆலையைச் சுற்றியும் இருக்கிறது. ஹெக்சேனின் முக்கியக் கூறான என்-ஹெக்சேன் மூச்சில் போனால், அதை உடல் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. அது கை கால் நரம்புகளைச் சிதைக்கும். விரல் மரத்துப்போவதில் தொடங்கி நடக்க முடியாத நிலை வரை போகும். 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் பசையில் வேலை செய்தவர்களிடம் இது கூட்டமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்கள் பரிந்துரைக்கும் சராசரி வரம்பு 50 பிபிஎம். வெடிக்கத் தொடங்கும் அளவோ காற்றில் 1.1 சதவீதம், அதாவது 11,000 பிபிஎம். ஆலைகளில் மாட்டியிருக்கும் வாயு உணர்விகள் பெரும்பாலும் வெடிப்பைத் தடுக்க வைத்தவை. வெடிப்பு அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டால் அலறும்படி வைத்தால் அது 2,200 பிபிஎம். அதுவரை அலாரம் அமைதியாக இருக்கும்; ஆனால் அங்கே நிற்பவர் சுவாசிப்பது வரம்பைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் இருக்கலாம்.

வெடிப்பும் கற்பனையில்லை. ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். மேலே பறந்து கலையாமல் தரையோடு ஊர்ந்து சாக்கடைக்குள் இறங்கும். 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு சோயா ஆலையிலிருந்து கழிவுநீர்க் குழாய்க்குள் போன ஹெக்சேன், போகிற காரின் தீப்பொறியில் பற்றியதில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தெருக்கள் பிளந்தன.

நம்மூர் வெயில் இதில் ஒரு தனிக் கணக்கு. ஆவியான கரைப்பானைக் குளிரவைத்துப் பிடிக்கக் குளிர்கோபுரத்து நீர்தான் ஆதாரம். அந்த நீர் சுற்றிலுமுள்ள காற்றின் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு) கீழே இறங்காது. கடற்கரையோரச் சென்னையின் புழுக்கத்தில் 30 டிகிரிக்குக் கீழே தண்ணீரை எதிர்பார்ப்பதே ஆசைதான். வடக்கு ஐரோப்பாவில் 15 டிகிரி நீர் சாதாரணம். 15 டிகிரியோடு ஒப்பிட்டால் 35 டிகிரியில் ஹெக்சேனின் ஆவியழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல். அதே கருவி, அதே பராமரிப்பு. ஆனாலும் இங்கே கழிவுக் காற்றோடு அதிக ஹெக்சேன் வெளியேறப் பார்க்கும். கடைசியில் கனிம எண்ணெயைத் தெளித்து உறிஞ்சும் கோபுரத்தைச் சரியாக ஓட்டாத ஆலை, பணத்தைப் புகைபோக்கி வழியே விடுகிறது என்று அர்த்தம். ஐரோப்பிய நூல்களில் படிக்கும் மாற்றுக் கரைப்பான்களை இங்கே எடைபோடும்போது இந்த வெப்பத்தை மறந்துவிடுகிறோம்.

வரிசையில் நிற்பவை

முதலில் ஐசோஹெக்சேன், ஏனென்றால் அதற்கு ஆலையை மாற்றவே வேண்டாம். அதே ஆறு கார்பன், ஆனால் கிளைவிட்ட அமைப்பு. நரம்பைத் தாக்கும் அந்த டையோன் அதிலிருந்து உண்டாவதில்லை. 1990இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத் திருத்தம் என்-ஹெக்சேனை அபாயகரமான காற்று மாசுப் பட்டியலில் சேர்த்தபிறகு, அங்கே சில பருத்திவிதை ஆலைகள் இதற்கு மாறின. கொதிநிலை 55 முதல் 61 டிகிரி. நீராவி மிச்சம், ஆனால் மேலே சொன்ன சென்னைத் தண்ணீரில் அதைப் பிடித்து நிறுத்துவது ஹெக்சேனைவிடக் கடினம். பெட்ரோலியப் பொருள் என்ற குற்றச்சாட்டும் அப்படியே இருக்கும்.

எத்தனால்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் மாற்று. கரும்பிலிருந்து கிடைக்கும், சுவாசித்தால் ஹெக்சேனைப்போல் நரம்பைச் சிதைக்காது, ஆவியழுத்தம் ஹெக்சேனில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் நம்மூர் வெயிலிலும் கைக்குள் நிற்கும். சிக்கல் கரைதிறனில். விளக்கெண்ணெய் மட்டும் விதிவிலக்கு: அதன் கொழுப்பு அமிலத்தில் ஒரு ஹைட்ராக்சில் இருப்பதால் ஆல்கஹாலில் இயல்பாகக் கலந்துவிடும். கடலை, எள், தவிடு எண்ணெய்கள் அறை வெப்பத்தில் அதில் சில சதவீதம்தான் கரையும். கொதிக்கும் நிலையில், தண்ணீர் இல்லாத எத்தனாலில் நன்றாகக் கரையும்.

இந்தக் குறையையே ஒரு தந்திரமாக மாற்றலாம். சூட்டில் கரைத்து, குளிரவிட்டால் எண்ணெய் தானாகப் பிரிந்து கீழே நிற்கும். மிஸெல்லாவை முழுக்க ஆவியாக்கத் தேவையில்லை. 1940களில் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் சோயாவில் இதைச் செய்து காட்டியது. பிறகு ஏன் பரவவில்லை? ஒன்று, விதையிலுள்ள ஈரத்தை எத்தனால் குடித்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அது நீர்த்துப்போகும், நீர்த்த எத்தனால் எண்ணெயைக் கைவிடும். சாதாரண வாலையில் வடித்தால் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. மேலே போக, நீரை மட்டும் உறிஞ்சிப் பிரிக்கும் மூலக்கூறு சல்லடை வேண்டும். இரண்டு, பிண்ணாக்கு. ஒரு டன்னில் தங்கிய 300 கிலோ ஹெக்சேனை ஆவியாக்கச் சுமார் 100 மெகாஜூல் என்றால், அதே எடை எத்தனாலுக்கு 250. குளிரவைத்துப் பிரித்து மிச்சம் பிடித்த வெப்பத்தைப் பிண்ணாக்கு திரும்ப வாங்கிக்கொள்கிறது.

ஆனால் அதே பிண்ணாக்கில்தான் எத்தனாலின் பலமும் இருக்கிறது. சர்க்கரைகளையும் கசப்புப் பொருள்களையும் சேர்த்து அது கழுவி எடுத்துவிடும். சூரியகாந்திப் பிண்ணாக்கிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் காரக் கரைசலில் (ஆல்கலி) புரதத்தைப் பச்சையாக்கிக் கெடுக்கும். எத்தனாலில் கழுவினால் அந்தத் தொல்லை பெருமளவு போய்விடும். பருத்திவிதையில் காசிபால் என்ற நஞ்சை ஐசோபுரோப்பனால் இதேபோல் கழுவித் தள்ளும். மாட்டுத் தீவனமாகப் போகவேண்டிய பொருள் மனிதர் உண்ணும் புரதமாக மாறினால் அந்தக் கூடுதல் வெப்பச் செலவு ஒரு பொருட்டே இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ரசாயனத்துக்கு வெளியேயும் ஒரு சுவர் உண்டு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இன்றும் ஆல்கஹாலின் ஒவ்வொரு லிட்டரையும் பின்தொடர்கின்றன. தொழிற்சாலை ஆல்கஹாலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 அக்டோபரில் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. போதாததற்குப் பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் திட்டம் எத்தனாலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. டன் கணக்கில் எத்தனாலைத் தொட்டியில் வைத்து, தினமும் கொஞ்சம் ‘ஆவியாகிவிட்டது’ என்று கணக்கெழுதப்போகும் எண்ணெய் ஆலை முதலாளிக்குக் கலால் அதிகாரி என்ன பதில் சொல்வார் என்பதை வாசகர் கற்பனைக்கே விடுகிறேன்.

இப்போது அதிகம் பேசப்படுவது 2-மெத்தில்ஆக்சோலேன். கரும்புச் சக்கை, சோளத்தட்டை போன்றவற்றிலிருந்து வரும் ஃபர்ஃபுராலைப் பதப்படுத்திச் செய்வது. 80 டிகிரியில் கொதிக்கும். ஆவியாக்க வேண்டிய வெப்பம் ஹெக்சேனைவிடச் சற்றுத்தான் அதிகம். கரைதிறன் அதற்கு இணை. 2023 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இதை உணவுக் கரைப்பான் பட்டியலில் சேர்த்தது. எண்ணெயில் வரம்பு ஹெக்சேனைப் போலவே கிலோவுக்கு 1 மில்லிகிராம். குறைகள்? தண்ணீரோடு ஓரளவு கலந்துவிடும்; அறை வெப்பத்தில் நீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கரைந்திருக்கும். ஹெக்சேனில் தொட்டியில் வடித்து முடித்த வேலைக்கு இங்கே கழிவுநீரை மறுபடி கொதிக்கவைத்து மீட்க வேண்டும். காற்றுபட்டு வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாகும்; தடுப்பான் சேர்க்க வேண்டும். தீப்பிடிக்கும் குணமும் அப்படியே. விலை ஹெக்சேனைவிடப் பல மடங்கு, ஆகவே ஒவ்வொரு லிட்டர் இழப்பும் பல மடங்கு வலிக்கும். நம்மிடம் சக்கை இருக்கிறதே என்று தோன்றலாம். ஆலைகள் அதை எரித்து மின்சாரம் எடுக்கின்றன. கரூர் புகளூரில் காகிதமாகிறது. சக்கை சும்மா கிடக்கவில்லை.

கரியமில வாயுவின் கதை வேறு. 31.1 டிகிரிக்கு மேல், 74 பார் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 74 மடங்கு) அழுத்தத்துக்கு மேல் அது வாயுவுமில்லை திரவமுமில்லை என்ற நிலைக்குப் போகிறது. கத்திரி வெயிலில் சென்னையில் மாட்டியிருக்கும் நிறைந்த கரியமில வாயுத் தீயணைப்பு உருளைக்குள் அது ஏற்கெனவே அந்த நிலையில்தான் இருக்கும், யாரும் ஆய்வகம் வைக்கத் தேவையில்லை. ஆனால் எண்ணெயைக் கரைக்க 300 பார் வேண்டும்; அப்போதும் ஒரு கிலோ வாயு கரைப்பது சில கிராம்கள்தான். இத்தனை அழுத்தத்துக்குள் தவிட்டைத் தொடர்ந்து ஊட்ட முடியாது, ஒவ்வொரு முறையும் கலத்தைத் திறந்து மூட வேண்டும். காபியில் காஃபீனை எடுக்கவும் மிளகு, ஏலம் போன்றவற்றின் சாரத்துக்கும் கட்டுபடியாகும். லிட்டர் நூற்றுச் சொச்சத்துக்கு விற்கும் சமையல் எண்ணெய்க்கு இதைச் சிபாரிசு செய்பவர் விலைப் பட்டியலைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

திரவமாக்கிய பியூட்டேனையும் புரோப்பேனையும் சீனாவில் பயன்படுத்துகிறார்கள். குறைந்த வெப்பம் போதும் என்பதால் புரதம் கெடாது. ஆனால் அடுக்களை கேஸின் ஆபத்து முழுவதும் அதில் உண்டு.

கடைசியாகத் தண்ணீர். தேங்காய்ப் பாலைக் காய்ச்சி உருக்கெண்ணெய் எடுப்பதும், ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து நீரில் கொதிக்கவைத்து மேலே மிதக்கும் எண்ணெயை வழிப்பதும் நம் பாட்டிமார் செய்ததுதான். அங்கே நீர் எண்ணெயைக் கரைப்பதில்லை, இடத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளுகிறது. நொதிகள் சேர்த்து செல்சுவரை உடைத்தால் சோயாவிலும் கணிசமாக எடுக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எண்ணெயும் நீரும் புரதமும் சேர்ந்து பாலாகத் திரண்டு பிரிய மறுக்கும், ஈரப் பிண்ணாக்கை உலர்த்த வேறு செலவு. தவிட்டுக்கு இது ஒத்துவரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மாற்றம் எந்தப் பக்கம் இருந்து வரும்

எண்ணெய் வாங்குகிறவர் பக்கமிருந்து வரும் என்று தோன்றவில்லை. சுத்திகரித்து முடித்த எண்ணெயில் கரைப்பானின் அடையாளமே இருக்காது. அதற்காக யாரும் கூடுதல் பணம் தரத் தயாரில்லாதபோது ஆலைக்கு என்ன அவசரம்? பிண்ணாக்கு வாங்குகிறவர் பக்கமிருந்துதான் வரும். தாவரப் புரதத்தை மனித உணவாக வாங்கும் நிறுவனங்கள் ஹெக்சேன் தொடாத மாவு கேட்கின்றன. இயற்கை வேளாண் சான்றிதழ் விதிகளும் ஹெக்சேனை ஏற்பதில்லை. தவிட்டின் எண்ணெய் நீக்கிய பிண்ணாக்கு இன்றைக்கு மாட்டுக்கும் கோழிக்கும் மீனுக்கும்தான் போகிறது. அது அரிசிப் புரதமாக விலை போகும் நாளில் எத்தனாலும் ஆக்சோலேனும் கணக்கில் நிற்கும். அதுவரை செங்குன்றத்துத் தவிடு ஹெக்சேனில்தான் குளிக்கும். அங்கே செய்ய வேண்டியது குளிர்விப்பான்களைப் பெரிதாக்குவதும், கழிவுநீர் வாய்க்காலுக்கு முன் ஹெக்சேனைப் பிடித்து நிறுத்தும் தொட்டி கட்டுவதும், 50 பிபிஎம்மை அளக்கக்கூடிய கருவியை ஆட்கள் நிற்கும் உயரத்தில் மாட்டுவதும்.

புட்டியைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. தவிட்டு எண்ணெய்ப் புட்டிகளில் ‘ஃபிசிக்கலி ரிஃபைன்ட்’ என்று பெருமையாகப் போட்டிருக்கும். கொழுப்பு அமிலத்தைக் காரத்தால் சோப்பாக்காமல் நீராவியால் விரட்டினோம் என்பதே அதன் பொருள். எண்ணெய் எந்தக் கரைப்பானில் எடுக்கப்பட்டது என்பதற்கும் அந்த வாசகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.